கரை வியர்த்த வாரம்

மெராபி எரிமலைக்குக் கிழக்கே அணையிலிருந்து இறங்குகிற வாய்க்கால் எத்தனை வயலுக்குப் பிரிகிறதோ, அத்தனை வயல்காரர்களின் சண்டையும் பர்தியோவின் தலையில்தான் விடியும். ஊருக்கு மடைக்காரர் அவர். யாருக்கு எப்போது தண்ணீர், யாருக்கு எப்போது அடைப்பு என்பதெல்லாம் அவர் கையில். தோளில் மண்வெட்டி, உதட்டில் அணைந்துபோன கிராம்புச் சுருட்டு, முகத்தில் சிரிப்பு என்று ஒன்று இருந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

அந்த முகம் பேரன் தாமார் பிறந்த பிறகு கெட்டுப்போய்விட்டது என்று ஊரே சொன்னது. மடைக்குப் போகிற வழியில் நின்று, கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் பிள்ளை இன்று எப்படிக் கொட்டாவி விட்டான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளை கொட்டாவி விட்டால் இவருக்கும் வாய் திறந்துகொள்ளும். பக்கத்து வீட்டுத் தர்சி, மிளகாய் வண்டி ஓட்டிச் சந்தைக்குப் போகிறவள், வாயாடி, நேராகவே கேட்டாள்: "என்ன மடைக்காரரே, பிள்ளை பெத்தது உங்க மகளா, நீங்களா?"

மகள் ரியானிக்கு அம்மா இல்லை. இவள் கைக்குழந்தையாக இருந்தபோதே அவள் செத்துப்போனாள். அதன் பிறகு அவளை வளர்த்தது பர்தியோவின் தங்கை லாசினெம். நெம் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். சுமத்ராவுக்கு ரப்பர் வேலைக்குப் போன புருஷன் திரும்பி வரவே இல்லை. அவன் வழியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அண்ணன் வீட்டு அடுப்படிக்கு வந்தவள், அதன் பிறகு அந்த அடுப்படியை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. நெம் சமைத்தால் ஒரு தெருவே சாப்பிடும்.

பிள்ளை பிறந்த கிழமையும் அன்றைய சந்தை நாளும் முப்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை ஒன்றாகக் கூடி வரும். அப்படிக் கூடி வருகிற நாளில் முதல் முடி எடுக்க வேண்டும். அந்த நாளுக்காக நெம் ஒரு வாரம் முன்பே அரிசி புடைத்தாள், தேங்காய் உரித்தாள், பெரிய சோற்றுப் பானையைக் கழுவிக் கவிழ்த்தாள். முடி எடுக்கும்போது பிள்ளை அவள் மடியில்தான் இருக்க வேண்டும். அதில் பேச்சே இல்லை.

இன்னும் ஒரு வாரம் இருக்கிறபோதே ஒரு காலையில் அந்தப் பானையைத்தான் அவள் தூக்கப் போனாள்.

கை வைத்ததும் தூக்கியதும் ஒரே நொடி. அந்த நொடிக்குள் அது வந்தது. நெம் பானையை விட்டுவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். கதவருகே பிள்ளையை வைத்துக்கொண்டு நின்ற ரியானியைப் பார்த்து, "யாருடி அடிச்சது?" என்று கேட்டாள்.

ரியானி சிரித்தாள். அத்தை விளையாடுகிறாள் என்று நினைத்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது. நெம் பிடரியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். வெளிச்சம் குத்துகிறது என்று முந்தானையை முகத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

காற்று புகுந்துவிட்டது என்று எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். அந்த ஊரில் காய்ச்சல், வயிற்று உப்புசம், மயக்கம், மழையில் நனைந்த சளி எல்லாமே காற்றுதான். தர்சி தைலத்தோடும், செல்லாத பழைய வெண்கலக் காசோடும் வந்தாள். முதுகிலிருந்து தோள் வரை, தோளிலிருந்து பிடரி வரை காசின் விளிம்பால் சுரண்டினாள். தோல் சிவந்து மீன் முள் மாதிரி வரிவரியாக எழும்பியது. சிவப்பு எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு காற்று உள்ளே இருந்ததாகக் கணக்கு. தர்சி அந்தச் சிவப்பைக் காட்டிப் பெருமைப்பட்டாள். ஒரு மாட்டு வண்டிக் காற்றை உள்ளே வைத்துக்கொண்டு எப்படித்தான் நடமாடினாளோ என்றாள். பிடரி மட்டும் மரக்கட்டை மாதிரி விறைத்திருந்தது. குனி என்றால் நெம்மால் குனிய முடியவில்லை. அங்கேதான் காற்று கெட்டியாக உட்கார்ந்திருக்கிறது என்று இன்னும் இரண்டு தடவை சுரண்டினாள்.

பர்தியோ சாயங்காலம் வந்து பார்த்தார். தங்கை இருட்டு அறையில் சுருண்டு கிடந்தாள். மறுநாளும் தலைவலி போகவில்லை. ஊர்ச் சுகாதார நிலையத்துக்கு மோட்டார் சைக்கிளில் கூட்டிப் போனார். அங்கே மருந்து கொடுப்பவரை எல்லாரும் மந்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். நாடாளாத மந்திரி. ஆனால் நல்ல மனுஷன். என்ன செய்கிறது என்று மந்திரி கேட்டார். நெம் வாயைத் திறக்கும் முன்னே பர்தியோ பதில் சொல்லிவிட்டார்.

"காத்து புகுந்துடுச்சு மந்திரி."

அதற்கென்று இருக்கிற மாத்திரை மேசை மேலேயே இருந்தது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். எப்படி வந்தது, எந்த நேரத்தில் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. பர்தியோவும் சொல்லவில்லை. காற்று என்ற பிறகு சொல்ல என்ன இருக்கிறது.

வலி குறைந்தது. நெம் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், பிறகு சுவர் இல்லாமல் நடந்தாள். மிளகாய் அரைத்தாள். காசு வேலை செய்துவிட்டது என்று தர்சி தெருவில் நான்கு பேரிடம் சொன்னாள்.

அந்த வாரம் பர்தியோவுக்கு வேறு கவலை. மேல்குளத்துக் கரை வியர்த்திருந்தது.

கரை உடைவதற்கு முன்னால் சத்தம் போடாது, வியர்க்கும். வெளிப்பக்கத்து மண்ணில் ஒரு கை அகலத்துக்கு ஈரம் பூக்கும். அதைப் பார்த்ததும் மடைக்காரன் பயப்பட வேண்டும். ஆனால் அதைவிட மோசமானது அந்த ஈரம் தானாகக் காய்வது. அடைபட்டுவிட்டது என்று தோன்றும். அடைபட்டிருக்காது. தண்ணீர் உள்ளுக்குள் வேறு வழி தேடிக்கொண்டிருக்கும். காய்ந்த கரையைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கினவன் விடிந்ததும் தன் வயல் எங்கே என்று தேட வேண்டியதுதான். பர்தியோவின் அப்பா இதை அடித்துச் சொல்லிக் கொடுத்த பாடம். பர்தியோ அந்த ஈரத்தின் மேல் ஒரு மூங்கில் குச்சியை நட்டு அடையாளம் வைத்துவிட்டு வந்தார்.

முடி எடுக்கும் நாளுக்கு முந்தின நாள் நெம்மின் இடது இமை இறங்கிவிட்டது.

காலையில் பாதி இறங்கியிருந்தது. மத்தியானத்துக்குள் கண் முழுசாக மூடிக்கொண்டது. வலி பெரிதாக இல்லை, அந்தக் கண்ணுக்குப் பின்னால் மட்டும் ஏதோ அழுத்துகிற மாதிரி இருக்கிறது என்றாள். தர்சி தேங்காய் துருவிக்கொண்டே கேலி செய்தாள்: "யாரைப் பாத்துடி கண்ணடிக்கிற? துவா ஓத வர்ற பெரியவருக்குப் பெண்டாட்டி இருக்கு, தெரியுமில்ல?" நெம் சிரித்துக்கொண்டே அவள் மேல் ஒரு தேங்காய்ச் சில்லை எறிந்தாள். இன்னொருத்தி, ஊற்றுக்கரைப் பக்கம் அந்தி நேரத்தில் போயிருப்பாள், ஏதோ தொட்டுவிட்டது என்றாள்.

பர்தியோ தங்கையைக் கிணற்றடி வெயிலுக்குக் கூட்டி வந்தார். மூடின இமையை விரலால் தூக்கிப் பார்த்தார். உள்ளே கண் வெளிப்பக்கம் சாய்ந்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. வெயிலில் வலது கண்ணின் பாவை கடுகாகச் சுருங்கியிருந்தது. இடது கண்ணின் பாவை சுருங்கவே இல்லை. அகலமாக, கறுப்பாக, கிணறு மாதிரி திறந்து கிடந்தது.

இமையை விட்டுவிட்டார். நாளைக்கே டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார்.

"நாளைக்கு பிள்ளைக்கு முடி எடுக்கணும்ணே," என்றாள் நெம். "அது முடியட்டும். கண்ணு எங்க போகப் போகுது?"

அவரும் சரி என்றார். விருந்துக்குச் சொல்லியாகிவிட்டது. ஊர் முழுக்க வரும். ஒரு நாள்தானே.

அவர்கள் அம்மாவும் காற்றில்தான் போனாள். கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவள், கயிற்றை விட்டுவிட்டுத் தலையில் கை வைத்தாள், அவ்வளவுதான். உட்கார்ந்த காற்று என்றார்கள். வந்து உட்கார்ந்தால் எழுந்திருக்காத காற்று. அந்த ஞாபகம் பர்தியோவுக்கு அன்று வந்தது. காற்று என்றே வந்தது, வந்த மாதிரியே போனது.

மறுநாள் விடிந்ததும் விருந்து வேலைக்கு முன்னால் ஒரு நடை மேல்குளத்துக்குப் போனார். மூங்கில் குச்சி நின்றிருந்தது. அதைச் சுற்றி இருந்த ஈரம் காய்ந்திருந்தது. மண் வெளுத்து, பொருக்கு எழும்பி, பார்க்க நல்லபடியாகத்தான் இருந்தது. பர்தியோ குச்சியைப் பிடுங்கி அதே இடத்தில் குத்தினார். குச்சி மண்ணில் நிற்கவில்லை. ஒரு முழம், இன்னும் ஒரு முழம், கை முழங்கை வரைக்கும் உள்ளே போனது. உள்ளே மண்ணே இல்லை.

அந்தக் கையை வெளியே எடுக்காமல் அப்படியே குந்தி உட்கார்ந்திருந்தார். தங்கைக்கு நடந்ததை ரியானி சொல்லியிருந்தாள்: ஒரு நொடியில் வந்தது. யாரோ அடித்தார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு குறைந்தது. எழுந்து மிளகாய் அரைத்தாள்.

மதகைத் திறந்து குளத்துத் தண்ணீரை வடிய விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். இத்தனை வயதில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

முற்றத்தில் பாய் விரித்தாகிவிட்டது. மஞ்சள் சோறு கூம்பாகக் குவிந்து, சுற்றிலும் கீரையும் அவித்த முட்டையும் வைத்திருந்தது. துவா ஓதுகிற பெரியவர் உட்கார்ந்துவிட்டார். நெம் புதுப் புடவைத் துணி சுற்றி, துண்டை நெற்றி வரை இழுத்துவிட்டு, மடியில் தாமாரோடு நடுவில் இருந்தாள். கத்தரிக்கோல் பூத்தட்டில் இருந்தது. பர்தியோ சேற்றுக் காலோடு பாய்மேல் ஏறி, பிள்ளையைத் தூக்கி மகள் கையில் கொடுத்தார். நெம்மைப் பார்த்து, எழுந்திரு, போகலாம் என்றார்.

ரியானிக்குக் கோபம் வந்தது. அப்பாவுக்குப் பைத்தியமா என்றாள். ஊர் முன்னால் வைத்து அபசகுனமாக இப்படி இழுத்துக்கொண்டு போகலாமா, கால் மணி நேரம் பொறுத்தால் என்ன என்றாள். பெரியவர் தொண்டையைச் செருமினார். நெம் எழுந்திருக்கவில்லை. முடிக்கு என்ன செய்வது என்று கேட்டாள்.

"முடி வளரும்," என்றார் பர்தியோ.

அவர் குரல் அந்த மாதிரி எப்போதும் கேட்டதில்லை. நெம் எழுந்தாள். தர்சி கேள்வி கேட்காமல் வண்டிச் சாவியை எடுத்தாள்.

மிளகாய் நெடி அடிக்கிற அந்த வண்டியில் தங்கையின் தலை ஆடாமல் தன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, கரையைப் பற்றிச் சொன்னார். ஈரம் காய்ந்ததையும், குச்சி உள்ளே போனதையும் சொன்னார். நெம் ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பயந்தாளா இல்லையா என்று தெரியவில்லை. தர்சிதான் ஓட்டிக்கொண்டே அழுதாள். நான்தானே சுரண்டினேன், நான்தானே சுரண்டினேன் என்று ஒரே பாட்டு. நெம் அவளை அதட்டினாள்: "ரோட்டைப் பாத்து ஓட்டு. நீ கொல்றதா இருந்தா இப்பத்தான் கொல்லப் போற."

டவுன் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மேசை. அதன் பின்னால் இளம் பெண் ஒருத்தி. வந்தவர்களை எந்த வரிசைக்கு அனுப்புவது என்று அவள்தான் தீர்மானிப்பாள். அவளுக்கு இடப்பக்கம் நீளமான வரிசை. காற்று புகுந்தவர்கள், தலை சுற்றுகிறவர்கள், இருமுகிறவர்கள். என்ன செய்கிறது என்று அவள் கேட்டாள்.

அந்தச் சொல் பர்தியோவின் நாக்கு நுனியில் வந்து நின்றது. பிறந்ததிலிருந்து சொன்ன சொல். அதை விழுங்கினார்.

"ஒரே நொடியில வந்துச்சும்மா. பானையத் தூக்கினா, யாரோ பின்னால அடிச்சாங்கன்னு திரும்பிப் பாத்தா. அப்புறம் கொறஞ்சிடுச்சு. இப்போ இந்தக் கண்ணு மூடிக்கிச்சு, உள்ள பாவை பெருசா இருக்கு."

அந்தப் பெண் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து நெம்மின் இமையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு உள்ளே பார்த்து யாரையோ கூப்பிட்டாள். சத்தம் போட்டுக் கூப்பிடவில்லை. அந்த அமைதிதான் பர்தியோவைப் பயமுறுத்தியது. சக்கரக் கட்டில் வந்தது. அதன் பிறகு நெம்மை நடக்கவே விடவில்லை.

தலையைப் படம் எடுத்தார்கள். ஊசி போட்டு இன்னொரு தடவை எடுத்தார்கள். தலை அறுக்கிற டாக்டர் ஹெந்தார்தோ குள்ளமான மனுஷர், தூங்காத கண். பர்தியோவைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்து, மடைக்காரர் என்று தெரிந்துகொண்டு, மெதுவாகச் சொன்னார்.

"மூளை எலும்பு மேல உக்காந்திருக்கலைங்க ஐயா, தண்ணியில மெதக்குது. அடியில அந்தத் தண்ணி சின்னச் சின்னக் குளமா தேங்கி நிக்கும். இதோ நடுவுல நட்சத்திரம் மாதிரி இருக்கு பாருங்க, இதான் அதுல ஒண்ணு. மூளைக்குப் போற பெரிய ரத்தக்குழாய் எல்லாம் இந்தக் குளத்துக்குள்ளதான் வளைஞ்சு வளைஞ்சு போகுது. சிலந்தி நூல் மாதிரி இழை இழுத்துப் புடிச்சிருக்கும்."

பர்தியோ பார்த்தார். சாம்பல் நிற மூளைக்கு நடுவில் ஐந்து முனையாக ஓர் இடம். ஒவ்வொரு முனையிலிருந்தும் வாய்க்கால் மாதிரி ஒரு கோடு பிரிந்து போனது. ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்கு, அங்கிருந்து மூளையின் பக்கவாட்டுப் பள்ளத்துக்கு, குழாயோடு ஒட்டிக்கொண்டே. தெளிந்த தண்ணீராக இருந்தால் அந்த நட்சத்திரம் படத்தில் கறுப்பாகத் தெரியும் என்றார் டாக்டர். நெம்முடைய நட்சத்திரம் கறுப்பாக இல்லை. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி கலங்கியிருந்தது. ரத்தம் கசிந்து, கரைந்து, ஒரு வாரமாக அங்கேயே கிடக்கிறது.

இரண்டாவது படத்தில் ரத்தக்குழாய்கள் வேர் மாதிரி வெள்ளையாகத் தெரிந்தன. இடப்பக்கத்தில் ஒரு கிளை பிரிகிற இடத்தில் குழாயின் சுவர் ஒரு மொட்டு போல வெளியே பிதுங்கியிருந்தது. கண்ணைத் திறக்கிற நரம்பு அதே குளத்தின் வழியாக, அந்த மொட்டை உரசிக்கொண்டு போகிறது. மொட்டு பெருத்து நரம்பை அழுத்துகிறது, இமை விழுந்துவிட்டது. டாக்டர் அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கரை எது, கசிவு எது, எந்த இடத்தில் குச்சி உள்ளே போகும் என்பது பர்தியோவுக்குத் தெரிந்துவிட்டது.

பிடரியில் இன்னும் மங்காமல் இருந்த சிவப்பு வரிகளை டாக்டர் பார்த்திருந்தார். தர்சி கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவர் திட்டவில்லை. தன் அம்மாவும் இப்படித்தான் செய்வாள் என்றார். சுரண்டின காசு ஒரு கெடுதலும் செய்யவில்லை, வீணாகப் போன நாட்கள்தான் செய்தன என்றார். இன்னொரு தடவை உடைந்தால் இங்கே கொண்டுவர நேரம் இருக்காது என்றும் சொன்னார்.

எப்படி உள்ளே போவீர்கள் என்று பர்தியோ கேட்டார். மூளையைத் தள்ளிக்கொண்டு போகக் கூடாது என்றார் டாக்டர். முதலில் வெளிக் குளத்தைத் திறந்து தண்ணீரைக் கொஞ்சம் விட வேண்டும். பிறகு அடுத்தது, பிறகு அதற்கு அடுத்தது. நூல்களை ஒவ்வொன்றாக அறுத்து, அவசரப்படாமல். தண்ணீர் வடிய வடிய மூளை தானாக அடங்கி வழி விடும். அந்த வழியிலேயே போய் மொட்டின் காம்பில் ஒரு சின்னக் கவ்வியை மாட்ட வேண்டும். பர்தியோ தலையாட்டினார். நிறைந்த குளத்தில் யாரும் கரையைத் தொட மாட்டார்கள்.

அறுக்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கவ்வி மாட்டிவிட்டார்கள். நெம் கண் விழித்தாள், தண்ணீர் கேட்டாள், பிள்ளைக்கு முடி எடுத்தாகிவிட்டதா என்று கேட்டாள். தர்சி வராந்தாவில் ஆடாத குறை. டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. குளத்தில் கலந்த பழைய ரத்தம் கரையக் கரைய, அதில் முழுகிக் கிடக்கிற நல்ல குழாய்களும் பயந்த மாதிரி சுருங்கும், அந்த நாட்களைத் தாண்ட வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்.

சொன்ன மாதிரியே வந்தது. ஒரு நாள் காலையில் நெம் பேச வந்த சொல் வாயில் நின்றுபோனது. வலது கை துவண்டது. அண்ணனைத் தெரிந்தது, அண்ணன் பெயர் தெரியவில்லை. மருந்து ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். பர்தியோ வாசலில் கான்கிரீட் தரையில் குந்தியே இருந்தார். ஊரில் அவர் மடையை யார் பார்க்கிறார்கள் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. சொற்கள் ஒவ்வொன்றாக, வாய்க்கால் கடைசி வயலுக்குத் தண்ணீர் வருகிற மாதிரி, தயங்கித் தயங்கித் திரும்பி வந்தன. எல்லாம் வரவில்லை. வந்தவரை போதும் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அனுப்புகிற அன்று டாக்டர் அவர்கள் அம்மாவைப் பற்றி விசாரித்தார். கிணற்றடியில் கயிற்றை விட்டதைப் பர்தியோ சொன்னார். இது குடும்பத்தில் ஓடும், அம்மாவுக்கும் தங்கைக்கும் இருந்திருக்கிறது, உங்கள் தலையையும் ஒருமுறை படம் எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது என்றார். எடுக்கலாம், நடவுத் தண்ணீர் முறை முடியட்டும் என்றார் பர்தியோ.

ரியானி பிள்ளைக்கு முடி எடுக்காமலே வைத்திருந்தாள். கிழமையும் சந்தை நாளும் மறுபடி கூடி வந்தபோது பாய் விரித்தார்கள். இந்த முறை சோறு தர்சி பொங்கினாள். உப்பு கூடிப்போயிருந்தது. நெம்மின் வலது கை மடியில் கிடந்தது. இடது இமை பாதிதான் ஏறியிருந்தது. ரியானி பிள்ளையைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, நெம் இடது கையால் கத்தரிக்கோலைக் கோணலாகப் பிடித்து ஒரு கற்றை நறுக்கினாள். தாமார் கொட்டாவி விட்டான். பர்தியோவுக்கும் வாய் திறந்தது. எல்லாரும் சிரித்தார்கள்.

சாப்பிடும்போது நெம் அண்ணனைத் தன் பக்கத்தில் உட்காரச் சொல்லிச் சைகை காட்டினாள். அவளுக்கு இப்போது நீளமாகப் பேச வராது. ஒரு சொல், அதிகம் போனால் இரண்டு.

"நீ?" என்று கேட்டாள்.

அவருக்குப் புரிந்தது. நடவு முடியட்டும் என்றார். கடைசி வயல்காரர்கள் காத்திருக்கிறார்கள், அது முடிந்ததும் போகலாம், தனக்கு ஒன்றும் இல்லை, ஒரு தலைவலிகூட வந்ததில்லை என்றார்.

நெம் இடது கையை நீட்டி அவர் பிடரியில் வைத்தாள். கரையைத் தடவிப் பார்க்கிற மாதிரி தடவினாள். திறந்த கண்ணும் பாதி திறந்த கண்ணும் அவரையே பார்த்தன.

"காஞ்சிருக்கு," என்றாள்.

பர்தியோ கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். தர்சி கையைக் கழுவிவிட்டு வண்டிச் சாவியைத் தேட எழுந்தாள்.